கிளை ஆபீஸுக்கு ஃபைல் வரலையா? அறிகுறியை வைத்து டிஎஃப்எஸ்ஆர் கோளாறைப் பிடிப்பது

"சார், கோவையில போட்ட ஃபைல் சென்னைக்கு இன்னும் வரல." விண்டோஸ் சர்வரில் டிஎஃப்எஸ் ரெப்ளிகேஷன் (சுருக்கமாக டிஎஃப்எஸ்ஆர்) போட்டு இரண்டு மூன்று ஆபீஸின் ஷேர் ஃபோல்டர்களை ஒரே மாதிரி வைத்திருக்கும் யாருக்கும் இந்த போன் தப்பாது. புகார் ஒன்றுதான், காரணம் பத்து இருக்கும். பெரும்பாலானோர் உடனே சர்வீஸை ரீஸ்டார்ட் செய்கிறார்கள், அதிலும் அசையவில்லை என்றால் எங்கேயோ படித்ததை வைத்து டேட்டாபேஸை அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். அப்படிச் செய்தால் பத்து நிமிட வேலை இரண்டு நாள் வேலையாகிவிடும், நடுவில் சில ஃபைல்களும் கண்ணுக்குத் தெரியாத ஃபோல்டருக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

எனவே இங்கே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் ஆபீஸில் என்ன புகாரோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், பணமும் நேரமும் தின்னும் காரணம் கடைசியில். உதாரணத்துக்கு கோவையில் ஹெட் ஆபீஸ், திருப்பூரிலும் சென்னையிலும் கிளை என்று வைத்துக்கொள்வோம். சர்வர்கள் 2012 ஆர்2 அல்லது அதற்குப் பிந்தையவை.

## எதையும் தொடுவதற்கு முன் (இதைத் தாண்டாதீர்கள்)

பேக்லாக் எவ்வளவு என்று பாருங்கள். பேக்லாக் என்றால் அனுப்ப வேண்டியதில் இன்னும் போய்ச் சேராதவற்றின் கணக்கு. பவர்ஷெல்லில் கெட்-டிஎஃப்எஸ்ஆர்-பேக்லாக், பழைய கட்டளை வேண்டுமென்றால் டிஎஃப்எஸ்ஆர்-டயாக் பேக்லாக். அனுப்பும் சர்வர் எது, வாங்கும் சர்வர் எது என்று இரண்டையும் கொடுக்க வேண்டும், இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். கோவையிலிருந்து சென்னைக்குப் பார்த்துவிட்டு பூஜ்யம் என்று நிம்மதியாகிவிடுவார்கள், சென்னையிலிருந்து கோவைக்கு 40,000 ஃபைல் தேங்கிக் கிடக்கும். இரண்டு திசையிலும் பாருங்கள். பவர்ஷெல் கட்டளை முதல் 100 ஃபைல்களின் பெயரை மட்டும்தான் காட்டும், மொத்த எண்ணிக்கை வேண்டுமென்றால் கூடவே வெர்போஸ் போடுங்கள். 100 வரி வந்தது என்பதற்காக பேக்லாக் 100 என்று எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள்.

எண்ணைக் குறித்துவிட்டு ஒரு டீ குடித்து வந்து மறுபடி பாருங்கள். குறைகிறதா, கூடுகிறதா, அப்படியே நிற்கிறதா என்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

- பேக்லாக் பூஜ்யம், ஆனால் குறிப்பிட்ட ஃபைல் இல்லை: அறிகுறி 1.
- பேக்லாக் அசையவே இல்லை, அல்லது கட்டளையே பிழை காட்டுகிறது: அறிகுறி 2.
- குறைகிறது, ஆனால் ஆமை வேகம், அல்லது பகலில் ஏறி இரவில் இறங்குகிறது: அறிகுறி 3.
- ஃபைல் இருக்கிறது, உள்ளே இருப்பது பழசு: அறிகுறி 4.
- நேற்று இருந்த ஃபோல்டரையே காணோம்: அறிகுறி 5.
- ஒரே ஆபீஸில் பக்கத்துப் பக்கத்து மேசைக்காரர்களுக்கு வேறு வேறு மாதிரி தெரிகிறது: அறிகுறி 6.

கூடவே ஈவன்ட் வியூவரில் டிஎஃப்எஸ் ரெப்ளிகேஷன் என்று தனி லாக் இருக்கும், அதை இரண்டு சர்வரிலும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். சிஸ்டம் லாகில் தேடிவிட்டு ஒன்றுமே இல்லையே என்று சொல்பவர்கள் நிறையப் பேர்.

## அறிகுறி 1: மற்றதெல்லாம் போகிறது, சில ஃபைல்கள் மட்டும் போகவே இல்லை

யாராவது திறந்து வைத்திருக்கிறார்களா? முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். எக்ஸலில் ரேட் ஷீட்டைக் காலையில் திறந்து மதியம் வரை மூடாமல், நடுநடுவே சேவ் மட்டும் செய்துகொண்டிருந்தால் அந்த ஃபைல் கிளம்பாது. மூடிய பிறகுதான் போகும். லாகில் 4304 என்ற ஈவன்ட் எண்ணில் இது பதிவாகியிருக்கும். அனுப்பும் பக்கம் மட்டுமல்ல, வாங்கும் பக்கத்திலும் பாருங்கள்: சென்னையில் ஒருவர் பழைய பிரதியைத் திறந்து வைத்துவிட்டு சாப்பிடப் போயிருந்தால் புதியது வந்து அதன் மேல் உட்கார முடியாது. கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்டில் ஷேர்டு ஃபோல்டர்ஸ், அதில் ஓப்பன் ஃபைல்ஸ் பார்த்தால் யார் என்று பெயரோடு தெரியும். நீங்களே மூடிவிடாதீர்கள், போன் போட்டு மூடச் சொல்லுங்கள், சேவ் செய்யாத வேலை போனால் பழி உங்கள் தலையில்தான் விழும்.

ஃபைல் வகை வடிகட்டியில் சிக்குகிறதா? டில்டே (~) குறியில் தொடங்கும் பெயர்கள், டாட் பேக், டாட் டிஎம்பி. இந்த மூன்றையும் டிஎஃப்எஸ்ஆர் இயல்பாகவே விட்டுவிடும். டிராயிங் ஆபீஸில் ஆட்டோகேட் போடும் பேக் ஃபைல் வரவில்லை என்று புகார் வந்தால் அது கோளாறே இல்லை, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். வேண்டுமென்றால் ரெப்ளிகேட்டட் ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் ஃபைல் ஃபில்டரை மாற்றலாம். டேட்டாபேஸ் பேக்கப்பை இதில் அனுப்புவதற்காக மாற்றுகிறீர்கள் என்றால் மட்டும் வேண்டாம், தினமும் முழு ஃபைலும் மாறி லைனையே அடைத்துவிடும்.

தற்காலிக ஃபைல் என்ற முத்திரை இருக்கிறதா? தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் காரணம் இது. சில சாஃப்ட்வேர்கள், சில ஸ்கேனர் புரோகிராம்கள் ஃபைலைச் சேமிக்கும்போது டெம்பரரி என்ற ஆட்ரிப்யூட்டோடு சேமிக்கின்றன, பெயர் சாதாரண பிடிஎஃப் மாதிரிதான் இருக்கும். டிஎஃப்எஸ்ஆர் அதைத் தொடவே தொடாது, பேக்லாகிலும் காட்டாது, லாகிலும் திட்டாது. எக்ஸ்ப்ளோரர் ப்ராப்பர்ட்டீஸில் இந்த ஆட்ரிப்யூட் தெரியாது என்பதால் கண்ணால் பார்த்து ஒரு பிரயோஜனமும் இல்லை. எஃப்எஸ்-யுடில் யுஎஸ்என் ரீட்-டேட்டா என்ற கட்டளையில் ஃபைலின் பாதையைக் கொடுங்கள். ஃபைல் ஆட்ரிப்யூட்ஸ் வரியில் சாதாரண ஃபைலுக்கு 20 என்று முடியும், இதற்கு 120 என்று முடிந்தால் அந்த 100தான் தற்காலிக முத்திரை. ஆட்ரிப் கட்டளையால் இதை எடுக்க முடியாது. பவர்ஷெல்லில் ஃபைலின் ஆட்ரிப்யூட் மதிப்பிலிருந்து அந்த ஒரு பிட்டை (பதின்மக் கணக்கில் 256) நீக்க வேண்டும். நீக்கிய உடனேயே ஃபைல் கிளம்பிவிடும். ஒரு ஃபைலில் இருந்தால் அந்த சாஃப்ட்வேர் போட்ட எல்லாவற்றிலும் இருக்கும், எனவே ஃபோல்டர் முழுவதற்கும் ஓட்டுங்கள், பிறகு அந்த சாஃப்ட்வேர்காரரிடம் சண்டை போடுங்கள்.

என்க்ரிப்ட் செய்ததா? ஃபைல் பெயர் பச்சை நிறத்தில் தெரிந்தால் ஈஎஃப்எஸ் என்க்ரிப்ஷன். இதுவும் போகாது. யார் போட்டாரோ அவர் எடுத்தால்தான் உண்டு. அவர் வேலையை விட்டுப் போய்விட்டார், ரெகவரி சான்றிதழும் இல்லை என்றால் இது டேட்டா ரெகவரி சமாச்சாரம், தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 2: ஒன்றுமே போகவில்லை

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். அவசரத்தில் கை வைத்து டேட்டாவை இழப்பது இந்த இடத்தில்தான்.

சர்வீஸ் ஓடுகிறதா, ஷெட்யூல் திறந்திருக்கிறதா? சிரிக்காதீர்கள். அப்டேட் போட்டு ரீபூட் ஆன சர்வரில் சர்வீஸ் ஏறாமல் கிடக்கும். ஷெட்யூலை இரவு மட்டும் என்று யாரோ முன்பு மாற்றி வைத்திருப்பார்கள். ஷெட்யூல் யுடிசி கணக்கில் இருக்கிறதா, வாங்கும் சர்வரின் உள்ளூர் நேரத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். யுடிசியில் இரவு 8 மணி என்று வைத்தால் நமக்கு நள்ளிரவு தாண்டி 1.30.

லைன் இருக்கிறதா? லாகில் 5002, 5008, 5014 மாதிரி எண்கள் வந்தால் எதிர்ப்பக்க சர்வரோடு பேச முடியவில்லை என்று அர்த்தம். பிங் வருவதை வைத்து லைன் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். டெஸ்ட்-நெட்-கனெக்‌ஷன் கட்டளையில் போர்ட் 135 திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அது திறந்திருந்தாலும் போதாது, அதற்குப் பிறகு பேச்சு 49152 முதல் 65535 வரையுள்ள ஏதோ ஒரு போர்ட்டுக்கு மாறும், கிளை ஃபயர்வாலில் புது ஆள் வந்து எல்லாவற்றையும் இறுக்கிவிட்டிருந்தால் அங்கே நின்றுவிடும். அவ்வளவு போர்ட்டும் திறக்க மாட்டேன் என்று ஃபயர்வால்காரர் அடம்பிடித்தால் டிஎஃப்எஸ்ஆர்-டயாக் ஸ்டாட்டிக்-ஆர்பிசி மூலம் ஒரே போர்ட்டில் கட்டிப்போடலாம்.

சின்ன ஃபைல் போகிறது, பெரியது பாதியில் அறுகிறதா? விபிஎன் வழியாகப் போகும் கிளைகளில் எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) சிக்கல். பிராட்பேண்டில் பிபிபிஓஈ இருந்தாலே 1500 என்பது 1492 ஆகிவிடும், அதன் மேல் விபிஎன் இன்னும் கொஞ்சம் தின்னும். துண்டாக்காதே என்ற ஆப்ஷனோடு பிங்கில் 1472 அளவு கொடுத்துப் பாருங்கள், போகவில்லை என்றால் குறைத்துக்கொண்டே வாருங்கள். எந்த அளவில் போகிறதோ அதற்கேற்ப ரவுட்டரில் எம்எஸ்எஸ் (பாக்கெட்டுக்குள் போகும் டேட்டாவின்) அளவை இறக்கினால் போதும், சர்வரில் எதையும் தொட வேண்டாம்.

லாகில் 2213 இருக்கிறதா? நம்ம ஊரில் கரன்ட் போகும் நேரத்தை யாரும் சொல்லிவிட்டுப் போவதில்லை. யுபிஎஸ் பேட்டரி வயதாகி, சர்வர் பட்டென்று அணைந்து, மறுபடி எழும்போது டிஎஃப்எஸ்ஆர் தன் டேட்டாபேஸ் ஒழுங்காக மூடப்படவில்லை என்று கண்டுபிடிக்கும். 2212 வந்தால் சரிபார்ப்பு தொடங்கியது, 2214 வந்தால் முடிந்தது, கவலை வேண்டாம். 2213 வந்தால் நிலைமை வேறு: ரெப்ளிகேஷனை நிறுத்திவிட்டேன், நீ சொன்னால்தான் தொடர்வேன் என்று உட்கார்ந்துகொண்டிருக்கிறது. தானாகத் தொடர்வதும் நிற்பதும் ஸ்டாப்-ரெப்ளிகேஷன்-ஆன்-ஆட்டோ-ரெகவரி என்ற ரெஜிஸ்ட்ரி மதிப்பைப் பொறுத்தது.

சரி செய்வது சுலபம். முதலில் அந்த சர்வரில் இருக்கும் ஷேர் ஃபோல்டரை ஒரு வெளி டிஸ்க்குக்கு காப்பி எடுங்கள். அப்புறம் 2213 ஈவன்ட்டின் உள்ளேயே ரெஸ்யூம்-ரெப்ளிகேஷன் என்று முடியும் ஒரு முழுக் கட்டளை, உங்கள் வால்யூமின் அடையாள எண்ணோடு எழுதப்பட்டிருக்கும். அதை அப்படியே எடுத்து அட்மின் கமாண்ட் ப்ராம்ப்டில் ஒட்டி ஓட்டுங்கள். அந்தக் கட்டளைக்குத் தேவையான டபிள்யூஎம்ஐசி இல்லாத புதிய சர்வர் என்றால் அதே மெத்தடை பவர்ஷெல் வழியாக அழைக்கலாம். 2214 வரும் வரை காத்திருங்கள். லட்சக்கணக்கில் ஃபைல் இருந்தால் நேரம் எடுக்கும், நடுவில் பொறுமையிழந்து ரீபூட் செய்தால் மறுபடி முதலிலிருந்து.

4012 இருக்கிறதா? மேலே சொன்ன 2213 வந்து, யாரும் லாகைப் பார்க்காமல், பார்க்காமலேயே 60 நாள் ஓடிவிட்டால் இது வரும். சர்வர் 2012 முதல் இயல்பாகவே இந்த 60 நாள் கெடு உண்டு. இவ்வளவு நாள் தொடர்பில்லாதவனை இனி நம்ப முடியாது, இவனிடம் இருக்கும் பழசு மற்றவர்களின் புதுசைக் கெடுத்துவிடும் என்று டிஎஃப்எஸ்ஆர் கதவைச் சாத்திவிடுகிறது. கெடு எண்ணை 60லிருந்து 200 ஆக்கினால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். ஓடும், ஆனால் எதைத் தடுக்க அந்தக் கதவு சாத்தப்பட்டதோ அதுவே நடக்கும்: இரண்டு மாதத்துக்கு முன் அழித்த ஃபைல்களெல்லாம் உயிரோடு திரும்பி வரும்.

முறையான வழி, அந்த மெம்பரை (ரெப்ளிகேஷனில் சேர்ந்துள்ள அந்த சர்வரை) முடக்கி, ஆக்டிவ் டைரக்டரி மாற்றம் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்த பிறகு (4114 வரும்) மறுபடி இயக்குவது. அப்போது அந்த சர்வர் புதிதாகச் சேர்ந்தவன் மாதிரி எல்லாவற்றையும் எதிர்ப்பக்கத்தோடு ஒப்பிடும். அதனிடம் மட்டும் இருக்கும் ஃபைல்கள் டிஎஃப்எஸ்ஆர்-பிரைவேட் என்ற மறைவான ஃபோல்டரின் ப்ரீ-எக்ஸிஸ்டிங் பகுதிக்குத் தள்ளப்படும், கிளைக்காரர்கள் கண்ணுக்கு அவர்களின் இரண்டு மாத வேலை மாயமானது போலத் தெரியும். எனவே முடக்குவதற்கு முன்பே கிளை ஃபோல்டரை முழுதாக காப்பி எடுத்து, எந்தெந்த ஃபைல் கிளையில் மட்டும் புதியது என்று ஒப்பிட்டுப் பட்டியல் போட்டுவிடுங்கள். 4104 வந்தால் முதல் ஒத்திசைவு முடிந்தது, அதற்குப் பிறகு பட்டியலில் உள்ளதை ஷேருக்குள் திரும்பப் போட்டால் அது எல்லா இடத்துக்கும் போய்விடும்.

இங்கே ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்: 4012 வந்திருக்கிறது, இரண்டு பக்கமும் இரண்டு மாதமாக அதே ஃபைல்களை வேறு வேறாக மாற்றியிருக்கிறார்கள் என்றால் ஒப்பிடுவதை அனுபவம் உள்ளவரிடம் விடுங்கள். 2213 அடிக்கடி வருகிறது, கூடவே சிஸ்டம் லாகில் டிஸ்க் பிழை 7, என்டிஎஃப்எஸ் பிழை 55 மாதிரி ஏதாவது இருக்கிறது என்றால் அது ஹார்ட்வேர், டிஎஃப்எஸ்ஆரை நோண்டிப் பயனில்லை. யுபிஎஸ் பேட்டரி மாற்றுவதற்கு மட்டும் ஆளுக்காகக் காத்திருக்க வேண்டாம், இந்தப் பட்டியலிலேயே மலிவான மருந்து அதுதான்.

## அறிகுறி 3: போகிறது, ஆனால் நாள் கணக்கில் ஆகிறது

யாராவது பர்மிஷனை மாற்றினார்களா? மேல் ஃபோல்டரில் ஒரே ஒரு புது குரூப்பைச் சேர்த்தால்கூட அடியில் உள்ள ஒவ்வொரு ஃபைலும் மாறியதாகக் கணக்காகும். உள்ளடக்கம் மறுபடி போகாது, ஆனாலும் மூன்று லட்சம் ஃபைல் என்றால் மூன்று லட்சம் அப்டேட் வரிசையில் நிற்கும், நம்முடைய ரேட் ஷீட் அதற்குப் பின்னால் நிற்கும். காத்திருப்பதைத் தவிர வழியில்லை. அடுத்த முறை சனிக்கிழமை இரவு செய்யுங்கள்.

ஆன்டிவைரஸ் ஃபைலைத் தொட்டு மாற்றுகிறதா? படிப்பது பரவாயில்லை, ஸ்கேன் முடிந்ததும் ஃபைலில் ஏதாவது எழுதிவிட்டுப் போகும் வகைதான் ஆபத்து. ஸ்கேன் ஷெட்யூல் நேரமும் பேக்லாக் ஏறும் நேரமும் ஒன்றாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஸ்டேஜிங் ஃபோல்டரையும் (ஃபைல் கிளம்புவதற்கு முன் தங்கும் இடம்) டிஎஃப்எஸ்ஆர் டேட்டாபேஸ் இருக்கும் ஃபோல்டரையும் ஸ்கேனிலிருந்து விலக்கி வையுங்கள்.

ஸ்டேஜிங் போதுமா? இயல்பான அளவு 4096 எம்பி. ஃபைல் கிளம்புவதற்கு முன் இங்கே வந்து மூட்டை கட்டப்படும், இடம் 90 சதவீதம் நிரம்பினால் 60 சதவீதத்துக்கு இறங்கும் வரை பழைய மூட்டைகளைப் பிரித்து எறியும். இது 4202, 4204 என்று ஜோடியாகப் பதிவாகும். நாளுக்கு ஓரிரு முறை என்றால் விட்டுவிடுங்கள். ஒரு மணி நேரத்திலேயே பலமுறை என்றால் கட்டிய மூட்டையையே மறுபடி மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறது. 4206 அல்லது 4208 வந்தால் இன்னும் மோசம்.

எவ்வளவு வைப்பது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: அந்த ஃபோல்டரில் உள்ள மிகப் பெரிய 32 ஃபைல்களின் அளவைக் கூட்டுங்கள், அதுதான் குறைந்தபட்சம். படிக்க மட்டும் உள்ள மெம்பருக்கு 16 போதும். பவர்ஷெல்லில் அளவு வாரியாக வரிசைப்படுத்தி முதல் 32ஐ எடுத்துக் கூட்டுவது ஒரே வரி வேலை. டிராயிங்கும் வீடியோவும் உள்ள ஃபோல்டரில் இந்தக் கூட்டல் 20 ஜிபியைத் தாண்டுவது சகஜம், அங்கே 4 ஜிபியை வைத்துக்கொண்டு லைனைத் திட்டுவதில் நியாயமில்லை.

லைனே சின்னதா? 10 எம்பிபிஎஸ் அப்லோட் முழுதாகக் கிடைத்தாலும் மணிக்கு 4.5 ஜிபிதான். மார்க்கெட்டிங் ஆள் 50 ஜிபி எக்ஸிபிஷன் வீடியோவைக் கொட்டினால் 11 மணி நேரம், வேறு ஒன்றும் போகாமல். பிராட்பேண்ட் பிளானில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது டவுன்லோட் வேகம் என்பதை மறந்துவிடாதீர்கள், அனுப்பும் பக்கத்துக்கு அப்லோட்தான் கணக்கு. வீடியோவைத் தனி ஃபோல்டராக்கி ரெப்ளிகேஷனுக்கு வெளியே வையுங்கள். அதற்கும் மேல் வேண்டுமென்றால்தான் லைனைப் பெரிதாக்கப் பணம்.

புதுக் கிளை திறக்கும்போது மொத்தத்தையும் லைனில் அனுப்ப முயற்சிக்கவே வேண்டாம். ரோபோ-காப்பியில் பர்மிஷனோடு, டிஎஃப்எஸ்ஆர்-பிரைவேட் ஃபோல்டரை விலக்கி, ஒரு யுஎஸ்பி டிஸ்க்கில் எடுத்துப் பஸ்ஸில் கொண்டுபோங்கள். போட்ட பிறகு நாலைந்து ஃபைல்களுக்குக் கெட்-டிஎஃப்எஸ்ஆர்-ஃபைல்-ஹேஷ் இரண்டு பக்கமும் ஓட்டி ஒரே ஹேஷ் (ஃபைலின் கைரேகை மாதிரியான எண்) வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் பெரும்பாலும் பர்மிஷன் சரியாக காப்பி ஆகவில்லை, அப்படியே விட்டால் எல்லாம் மறுபடி லைனில்தான் வரும்.

## அறிகுறி 4: "நான் மாத்தி வச்சேன், பழசு வந்து உட்கார்ந்திருக்கு"

டிஎஃப்எஸ்ஆருக்கு ஆபீஸ் தாண்டிய பூட்டு கிடையாது. கோவையில் ஒருவர் ரேட் ஷீட்டைத் திறந்திருந்தால் கோவை சர்வரில் உள்ள பிரதிக்கு மட்டும்தான் பூட்டு, சென்னை சர்வரில் உள்ள பிரதி தாராளமாகத் திறக்கும், இன்னொருவர் பயன்படுத்துகிறார் என்ற எச்சரிக்கை வராது. இருவரும் சேவ் செய்தால் கடைசியாகச் சேவ் செய்தவர் ஜெயிப்பார், மற்றவரின் வேலை ஓரங்கட்டப்படும். லாகில் 4412.

தோற்றுப்போன பிரதியை மீட்பது. அது உடனே அழிவதில்லை. தோற்ற சர்வரில், ரெப்ளிகேட் ஆகும் ஃபோல்டருக்கு அடியில் டிஎஃப்எஸ்ஆர்-பிரைவேட், அதற்குள் கான்ஃப்ளிக்ட்-அண்ட்-டெலீட்டட். அங்கே "ரேட் ஷீட்" என்ற பெயருக்குப் பின்னால் நீளமான அடையாள எண்ணெல்லாம் ஒட்டிக்கொண்டு கிடக்கும். எது எங்கிருந்து வந்தது என்பதைக் கூடவே உள்ள மேனிஃபெஸ்ட் எக்ஸ்எம்எல் சொல்லும். ஒரு ஃபைல்தான் என்றால் கையாலேயே டெஸ்க்டாப்புக்கு காப்பி செய்து பெயரை மாற்றிச் சம்பந்தப்பட்டவரிடம் கொடுத்துவிடுங்கள், இரண்டையும் பார்த்து அவரே சேர்த்துக்கொள்ளட்டும். நேராக ஷேரில் போட்டால் இப்போது ஜெயித்தவர் தோற்பார், அடுத்த போன் அவரிடமிருந்து வரும்.

சீக்கிரம் செய்யுங்கள். இந்த ஃபோல்டருக்கும் அளவு உண்டு (பழைய பதிப்புகளில் 660 எம்பிதான்), நிரம்பினால் பழையதிலிருந்து தானாகக் கழித்துவிடும்.

கடிகாரம் சரியா? யார் கடைசி என்பதைச் சர்வரின் நேரத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறது. சென்னை சர்வர் நான்கு நிமிடம் முன்னால் ஓடினால் சென்னைக்காரர் எப்போதும் ஜெயித்துக்கொண்டே இருப்பார். டபிள்யூ-32-டிஎம் மானிட்டர் ஓட்டி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். விர்ச்சுவல் சர்வர் என்றால் ஹோஸ்ட்டிடமிருந்து நேரம் எடுக்கிறதா, டொமைன் கன்ட்ரோலரிடமிருந்து எடுக்கிறதா என்று பாருங்கள், இரண்டும் இழுத்துக்கொண்டிருந்தால் நேரம் ஊஞ்சலாடும்.

கடிகாரம் சரி, ஆனாலும் வாரா வாரம் நடக்கிறதா? அப்படியானால் செட்டிங்கில் தேடுவதை நிறுத்துங்கள். இரண்டு ஊர்க்காரர்கள் ஒரே ஃபைலைத் திருத்தும் ஏற்பாடே இதற்கு ஒத்துவராது. அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் நேம்ஸ்பேஸில் (எல்லா ஊருக்கும் பொதுவான ஷேர் பாதையில்) கோவை டார்கெட்டை (அந்தப் பாதை கொண்டுபோய் விடும் சர்வர் ஃபோல்டரை) வைத்துக்கொண்டு சென்னை டார்கெட்டை டிஸேபிள் செய்யுங்கள். எல்லோரும் கோவையையே திறப்பார்கள், பூட்டு வேலை செய்யும், சென்னைப் பிரதி சும்மா கூடவே ஓடிக்கொண்டிருக்கும், கோவை சர்வர் படுத்தால் கையால் மாற்றிக்கொள்ளலாம். சென்னைக்காரர்களுக்குத் திறக்கக் கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும், ஒரு மணி நேர வேலை காணாமல் போவதற்கு அது எவ்வளவோ தேவலை. படிக்க மட்டும் போதும் என்றால் கிளையை ரீட்-ஒன்லி மெம்பர் ஆக்கிவிடுங்கள்.

டேலி டேட்டா, அவுட்லுக் பிஎஸ்டி, ஆக்சஸ் டேட்டாபேஸ், இந்த மாதிரி நாள் முழுவதும் திறந்தே இருக்கும் எதையும் டிஎஃப்எஸ்ஆரில் வைக்காதீர்கள். அக்கவுன்ட்ஸ் ஆபீஸர் எவ்வளவு கேட்டாலும் வேண்டாம். கிளையிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் மூலம் ஒரே இடத்தில் வேலை செய்ய வையுங்கள்.

## அறிகுறி 5: நேற்று இருந்த ஃபோல்டரைக் காணோம்

முதலில் தேடுங்கள். பக்கத்து ஃபோல்டருக்குள். மவுஸ் வழுக்கி ஒரு ஃபோல்டர் இன்னொன்றுக்குள் விழுவதுதான் பாதிக்கு மேல், டிஎஃப்எஸ்ஆர் அந்த நகர்த்தலையும் விசுவாசமாக எல்லா ஊருக்கும் அனுப்பிவிடும். எடுத்துப் பழைய இடத்தில் வைத்தால் தீர்ந்தது.

உண்மையிலேயே அழித்துவிட்டார்களா? அழித்த சர்வரில் தேடாதீர்கள், அங்கே இருக்காது. மற்ற ஊர் சர்வர்களின் கான்ஃப்ளிக்ட்-அண்ட்-டெலீட்டட் ஃபோல்டரில் பாருங்கள், அழிப்பு வந்து சேரும்போது அங்கே ஒரு பிரதி ஒதுக்கப்படும் (அந்த ஆப்ஷனை யாரும் நிறுத்தி வைக்கவில்லை என்றால்). நிறைய ஃபைல் என்றால் டிஎஃப்எஸ்ஆர்-பிரைவேட் முழுவதையும் முதலில் வேறு டிஸ்க்குக்கு காப்பி எடுத்துவிட்டு ரீஸ்டோர்-டிஎஃப்எஸ்ஆர்-ப்ரிசர்வ்டு-ஃபைல்ஸ் கட்டளைக்கு மேனிஃபெஸ்ட்டைக் காட்டுங்கள், பழைய பெயரோடும் பாதையோடும் வேறு ஒரு ஃபோல்டரில் அடுக்கித் தரும். அங்கும் இல்லை என்றால் பேக்கப். பேக்கப் இல்லை, ரெப்ளிகேஷன் இருக்கிறதே என்று யாராவது சொன்னால் அவரிடம் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

புதிதாக ஒரு சர்வரைச் சேர்த்த மறுநாளா? ப்ரைமரி மெம்பராக (முதல் ஒத்திசைவில் யாருடைய ஃபைல்கள் செல்லுமோ அந்த சர்வராக) தவறான சர்வரைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். காலியாக இருந்த புது சர்வரை ப்ரைமரி என்று சொல்லிவிட்டால் பழைய சர்வரின் ஃபைல்கள் எல்லாம் ப்ரீ-எக்ஸிஸ்டிங்குக்குள் போய்விடும். அழியவில்லை, உள்ளேதான் இருக்கின்றன, மேலே சொன்ன அதே கட்டளை, ப்ரீ-எக்ஸிஸ்டிங் மேனிஃபெஸ்ட்டோடு. இதைச் செய்து முடிக்கும் வரை யாரும் இடம் பிடிக்கிறது என்று அந்த ஃபோல்டரைக் காலி செய்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விர்ச்சுவல் சர்வரைப் பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்பினார்களா? டிஎஃப்எஸ்ஆர் ஓடும் சர்வரில் இதைச் செய்யவே கூடாது. அந்த சர்வரின் டேட்டாபேஸ் பழைய கணக்கில் இருக்கும், எதிர்ப்பக்கம் புதுக் கணக்கில் இருக்கும், இரண்டும் இனி ஒட்டாது. 4012க்குச் சொன்ன அதே பாதையில்தான் போக வேண்டும், முதல் முறை என்றால் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

ஃபைல் பெயர்களின் வால் விசித்திரமாக மாறியிருக்கிறதா, ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு மிரட்டல் கடிதமா? ரான்சம்வேர். படிப்பதை நிறுத்திவிட்டு, இன்னும் பாதிக்கப்படாத கிளை சர்வரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். சர்வீஸை மட்டும் நிறுத்தினால் போதாது, பாதிக்கப்பட்ட கம்ப்யூட்டர் நேம்ஸ்பேஸ் வழியாக அந்த சர்வரிலேயே எழுத முடியும். அதற்குப் பிறகு இது நம் கையில் இல்லை, பாதுகாப்பு ஆட்களைக் கூப்பிடுங்கள், அவர்கள் வரும் வரை எதையும் ரீஸ்டோர் செய்யாதீர்கள்.

## அறிகுறி 6: பக்கத்து மேசையில் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை

இது ரெப்ளிகேஷன் புகார் மாதிரி வரும், ஆனால் சிக்கல் நேம்ஸ்பேஸில் இருக்கும். திருப்பூரில் உட்கார்ந்திருப்பவர் திருப்பூர் சர்வரையும் அவர் பக்கத்தில் உள்ளவர் சென்னை சர்வரையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கூடவே, இவருக்கு மட்டும் ஃபோல்டர் திறக்க மெதுவாக இருக்கிறது என்ற புகாரும் வரும்.

அந்தக் கம்ப்யூட்டரில் ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து டிஎஃப்எஸ் டேபைப் பாருங்கள், எது ஆக்டிவ் என்று எழுதியிருக்கும். தவறான ஊர் என்றால் அங்கேயே செட் ஆக்டிவ் அழுத்தி உடனடியாகத் தற்காலிகமாகச் சரிசெய்யலாம். ஃபோல்டர் ரெஃபரல் (எந்த சர்வருக்குப் போவது என்று கம்ப்யூட்டருக்குக் கிடைக்கும் பதில்) இயல்பாக 1800 விநாடி நினைவில் இருக்கும் என்பதால் ஏதாவது மாற்றியவுடனே பார்த்துவிட்டு மாறவில்லையே என்று இன்னொன்றை மாற்றாதீர்கள்.

நிரந்தரமாகச் சரிசெய்ய ஆக்டிவ் டைரக்டரி சைட்ஸ் அண்ட் சர்வீசஸில் சப்நெட் (ஐபி முகவரி வரிசை) பட்டியலைப் பாருங்கள். கிளையில் இன்டர்நெட் மாற்ற வந்தவர் ரவுட்டரையும் மாற்றி 192.168.1 வரிசையை 192.168.10 ஆக்கிவிட்டுப் போயிருப்பார், நம்மிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பட்டியலில் இல்லாத சப்நெட்டிலிருந்து வரும் கம்ப்யூட்டர் எந்த ஊர் என்று டொமைன் கன்ட்ரோலருக்குத் தெரியாது, கைக்குக் கிடைத்த சர்வரைக் கொடுத்துவிடும். வொய்ஃபைக்குத் தனி சப்நெட் போட்ட ஆபீஸ்களில் லேப்டாப்காரர்களுக்கு மட்டும் இந்தக் கோளாறு வருவதும் இதனால்தான். சப்நெட்டைச் சேர்த்து சரியான சைட்டோடு இணையுங்கள், அப்புறம் அந்தக் கம்ப்யூட்டரில் டிஎஃப்எஸ்-யுடில் மூலம் ரெஃபரல் கேஷைக் காலி செய்துவிட்டு அதே டேபை மறுபடி திறந்து பாருங்கள்.